எத்தியோப்பியாவை எனக்குச் சொல்லாத அத்தான்

என் ஆசை அத்தானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு மகன் என்னை அமெரிக்காவுக்கு, பிஸ்கட்டவே என்கிற ஊருக்குக் கூட்டி வந்துவிட்டான். பக்கத்து வீட்டில் அல்மாஸ் என்று ஒரு எத்தியோப்பியாக்காரி. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரணம் நீங்கள்தான்.

கல்யாணமான கையோடு என்னைப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு, அந்த நாட்டுக்குச் சரித்திர வாத்தியாராகப் போனீர்களே. லீவில் வரும்போது அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு, போ" என்பீர்கள். நான் எதையும் மறக்கிறவளா?

நம் வீட்டில் உங்கள் படத்தைப் பார்த்ததும் அல்மாஸ், "மை டீச்சர்!" என்று அழுதுவிட்டாள். சனிக்கிழமை காப்பிக்கு அழைத்தாள். கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து இடித்து, சாம்பிராணி போட்டு, உங்களைப் பற்றியே பேசினாள். கூட வந்த பேத்தி அவள் இங்கிலீஷைத் தமிழில் சொன்னாள்.

"ஆச்சி, தாத்தா டெஸ்க் மேல ஏறி நின்னு வார் பண்ணிக் காமிப்பாராம்! ஸோ ஃபன்னி!"

அக்சும் ராஜாக்கள் நிறுத்திய ஒற்றைக்கல் தூண்கள், லாலிபேலாவில் பாறையைக் கீழ்நோக்கிக் குடைந்த கோயில்கள், அத்வாவில் இத்தாலிக்காரனை ஓட ஓட விரட்டியது. அவர்கள் நாட்டுக் கதையை அவர்களுக்கே நடித்துக் காட்டினீர்களாம். என் முன்னால் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்களா, அத்தான்?

வயிறு எரிந்தது. முதல் கோப்பையோடு எழுந்துவிட்டேன். அல்மாஸின் முகம் சுண்டிப்போயிற்று.

"உட்காருங்க ஆச்சி! மூணு கப் குடிக்கணுமாம். நடுவுல போனா இன்சல்ட்டாம். மூணாவதுதான் பிளெஸ்ஸிங்காம்."

"அவ வாத்தியாரு எனக்கு ஒரு சொட்டுகூட ஊத்தலன்னு சொல்லுட்டி."

பேத்தி எப்படிச் சொன்னாளோ, அல்மாஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்து, எங்கிருந்து சொல்லட்டும் என்று கேட்டாள்.

"அவரு கெளம்பி வந்த நாள்லருந்து சொல்லச் சொல்லு" என்றேன்.

பட்டாளம் ராஜாவை இறக்கியதும் நீங்கள் மூட்டை கட்டிவிட்டீர்கள். பிறகு வந்த பஞ்சத்தைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த அவளுடைய அண்ணனைப் பட்டாளத்தார் வீட்டிலிருந்து இழுத்துப்போனதும், அவன் திரும்பி வராததும் தெரியுமா? சொல்லும்போது அவள் அழுதாள். நானும் அழுதேன். உங்களுக்காக இல்லை.

மூன்றாவது கோப்பை காலியானபோதும் கதை முடியவில்லை. பட்டாளத்தாரின் ஆட்சி விழுந்தது, நீல நைலின் குறுக்கே பெரிய அணை எழுந்தது எல்லாம் பாக்கி. சனிக்கிழமைதோறும் போகப்போகிறேன்.

நான் மேலே வரும்போது, உங்களுக்குத் தெரியாத எத்தியோப்பியா என்னிடம் இருக்கும். ஒன்று விடாமல் சொல்வேன் அத்தான், சத்தியம். ஆனால் நீங்கள் கெஞ்ச வேண்டும்.

இன்னும் கோபம் ஆறாத உங்கள் மாமன் மகள்,
செல்லத்தாய்