இரண்டு லியோனா கேரோ

ஃப்ரெஸ்னோ
1973 மார்ச் 5

பாசடீனாவில் வசதியாக வாழும் திருமதி ஹாட்டி ஆம்ஸ்லர் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த உங்கள் படத்தைப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறீர்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் பழைய படங்களைத் தேடிப் போடும் சங்கத்தார், ஏப்ரல் கடைசியில் நடிகை லியோனா கேரோவை மேடையேற்றி மாலை மரியாதை செய்யப் போகிறார்களாம். கேரோவைப் பற்றி அவர்கள் அச்சிட்டிருப்பதைப் படித்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது, பிறகு வேறு விதமாகவும் வலித்தது. முதல் பத்தியில் அவள் 1906-ல் நெப்ராஸ்காவில், ஒரு செக் விவசாயிக்குப் பிறந்தவள். மூன்றாவது பத்தியில் 1911-ல் டெக்ஸாஸ் கால்வெஸ்டனில், பிரெஞ்சுக் கப்பல் தலைவனுக்கு. ஓரிடத்தில் இடது கைக்காரி, இன்னோரிடத்தில் வலது. ஐந்து வருடத்தில் மூன்று அங்குலம் உயரம் குறைந்திருக்கிறாள். கண் நீலமா பழுப்பா என்று தெரியவில்லையாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் கண்டது!

சங்கத்துச் செயலாளர் பாவம், சின்ன வயது. குழம்பிப் போயிருக்கிறார். உங்களுக்கும் எனக்கும் குழப்பம் இல்லை. நெப்ராஸ்காக்காரி நான். இடது கைக்காரி நான். அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி முதல் படத்தில் நடித்தவள் நான். நீங்கள் எனக்குப் பின்னால் வந்து, என் சட்டையைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டவர்.

நீங்களாகவே செயலாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்வேன்.

லியோனா கேரோ
(பெற்றவர்கள் வைத்த பெயர் லுட்மிலா வாவ்ரா)

*

பாசடீனா
மார்ச் 12

யாரோ ஒரு அம்மணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தாளைப் பார்த்தால் ஏதோ சாப்பாட்டுக்கடையின் பெயர் தெரிகிறது. கடையை ஒழுங்காக நடத்துங்கள், கற்பனை வேண்டாம்.

எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள், மறுக்கவில்லை. இரண்டரைப் படம் நடித்தாள். கப்பல் படத்தின் நடுவில் விளக்கு சாய்ந்து திரைச்சீலை பிடித்துக்கொண்டது, அந்தத் தீயில் வெந்து, பத்து நாள் கிடந்து செத்துப் போனாள். ஸ்டுடியோவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மீதிப் படத்தை முடித்தவள் நான். அதற்குப் பிறகு பதினான்கு படம் நடித்தவளும் நான். அழுதாலும் சிரித்தாலும் ஜனங்கள் லியோனா கேரோ என்று கூப்பிட்டது என்னை. பெயர் என்ன, பெட்டியில் பூட்டி வைக்கிற நகையா? உழைத்துப் போட்டவளுக்குத்தான் சொந்தம்.

நாற்பது வருடம் அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு ஃப்ரெஸ்னோவில் சும்மா இருந்துவிட்டு, மாலை விழப் போகிறது என்றதும் ஞானம் வந்ததோ? செத்தவள் பெயரில் பிழைக்கப் பார்ப்பது பாவம். இனி எழுதினால் என் வக்கீல் பதில் எழுதுவார்.

லியோனா கேரோ

*

ஃப்ரெஸ்னோ
மார்ச் 17

திருமதி ஆம்ஸ்லர் அவர்களுக்கு,

வக்கீலைக் கூப்பிடுங்கள். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

செத்தவள் சொல்கிறேன், கேளுங்கள். கப்பல் படத்தில் கதாநாயகி மாடிப்படியில் இறங்கி வந்து, கையுறையைக் கழற்றிக் கொண்டே சிரிப்பாளே, அது நான். அந்தச் சிரிப்பைத்தான் சங்கத்தார் சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள். பின்பாதியில் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் நிற்பாளே, அது நீங்கள். படத்தை மறுபடி பாருங்கள். பாதியில் கதாநாயகிக்குக் கை மாறிவிடும்.

நான் ஏன் சும்மா இருந்தேன்? முகத்தில் பாதிக்குக் கட்டு. புகை குடித்துத் தொண்டை போய்விட்டது, இன்றைக்கும் ஆண்குரல்தான். விளம்பர மேலாளர் ஹாஸ்கின் கட்டிலருகே வந்து, "பொண்ணே, ஆஸ்பத்திரிச் செலவு எங்களோடது. ஆனா லியோனா கேரோ நாந்தான்னு இனி யார்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாது. திறந்தியோ, கடைசிக் காசு வரைக்கும் உங்கிட்ட வாங்குவோம்" என்றார். அவர் நீட்டிய தாளில் கட்டுப் போட்ட கையால் கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தேன். இன்று அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

போக இடமும் இல்லை. நெப்ராஸ்காவில் வைல்பர் என்ற ஊரிலிருந்து சினிமாவுக்கு ஓடி வந்தவள் நான். கட்டுப் பிரித்த அந்தக் கோடையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவன் என் தம்பி அண்டன். "நாந்தான்டா, லீடா" என்று வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். "எங்க அக்கா செத்துட்டா. இன்னொரு வாட்டி இப்படி விளையாடினா போலீஸ்ல சொல்வேன்" என்று வைத்துவிட்டான். எங்கள் ஜனங்களில் தலைமுழுகிய பிள்ளையைச் செத்துவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. உலர்திராட்சைக் கொட்டகையில் வேலை பார்த்தேன், கடை வைத்தேன்.

அப்பாவே வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கு மிச்சமாக இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் நீங்கள் மேடையில் ஏறி வாங்கிக்கொள்ள விடமாட்டேன்.

லியோனா கேரோ

*

பாசடீனா
மார்ச் 23

ஃப்ரெஸ்னோ நாடகக்காரிக்கு,

நன்றாக எழுதுகிறாய், தாயே. ஆனால் அப்பாவை இழுத்ததுதான் தப்பாகப் போயிற்று. இப்போது வசமாக மாட்டிக்கொண்டாய்.

வாவ்ரா பெரியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தெரியாதல்லவா உனக்கு? தீப்பிடித்த மறு வசந்தத்தில் ரயிலேறி ஸ்டுடியோ வாசலுக்கே வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு தகரப் பெட்டி. காவலாளி உள்ளே சொல்லி அனுப்ப, ஹாஸ்கின் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "கெழவனுக்குப் பார்வை மங்கல். மககிட்ட பேசின மாதிரி நாலு வார்த்தை பேசி அனுப்பிடு" என்றார்.

பார்வை ஒன்றும் மங்கல் இல்லை. என்னைப் பார்த்த மாத்திரத்தில், "இது எம் பொண்ணு இல்லீங்க. அவ எங்க?" என்றார். ஹாஸ்கின் தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும் பெரியவரே, தீ விபத்துல போயிட்டா. நாங்களே எல்லாம் பண்ணிட்டோம்" என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "நெஜமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டக் கூடாது? அது உண்மைதானே?

பெரியவர் அந்தத் தகரப் பெட்டியை என் கையில் கொடுத்தார். கசகசாப் பூரணம் வைத்த ரொட்டி. "அவளுக்குப் பிடிக்கும்னு சுட்டேன். திரும்பத் தூக்கிட்டுப் போகத் தெம்பில்ல. நீ சாப்பிடு. அவ பேரதான் உனக்கு வெச்சிருக்காங்களாமே, நல்லா நடி" என்று என் தலையில் கை வைத்தார்.

கேட்டாயா? பெற்ற தகப்பனே என் தலையில் கை வைத்துக் கொடுத்த பெயர். இதற்கு மேல் எந்தப் பத்திரம் வேண்டும்? உண்மையான மகள் உயிரோடு இருந்திருந்தால் அந்த மனிதர் ஏன் வாசலிலிருந்து தள்ளாடிக்கொண்டு திரும்பிப் போகிறார்? வேறு கதை யோசித்துக்கொண்டு வா.

லியோனா கேரோ

*

ஃப்ரெஸ்னோ
மார்ச் 27

ஹாட்டி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அம்மா செத்த பிறகு எங்கள் வீட்டில் ரொட்டி சுடுவது அப்பாதான். கசகசாவை உரலில் இடித்துத் தேன் விட்டுப் பிசைவார். நீ இதைக் கற்பனை செய்திருக்க முடியாது.

ஆக, அவர் என்னைத் தலைமுழுகவில்லை. தேடி வந்தார். நான் அதே ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன், டிராம் வண்டியில் ஏறினால் அரை மணி நேரம். நீங்கள் இருவரும் வாசலில் நின்று அவருடைய பெண்ணைச் சாகடித்துத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அண்டன் போனில் சொன்னது வசை இல்லை. அவனுக்குத் தெரிந்த சேதியைச் சொல்லியிருக்கிறான். கரகரத்த குரலில் எவனோ செத்த அக்காவை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறான். நாற்பத்து மூன்று வருடம் அவர்களை நான் வெறுத்தேனே, அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

பெயரைப் பற்றி இனிப் பேச்சில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் முதல் கடிதத்தில், நான் செத்துப்போனதாகச் சொன்ன கையோடு, "அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு" என்று எழுதினாய். நான் தீயைப் பற்றியே அதுவரை ஒரு எழுத்து எழுதவில்லை. செத்தவளுக்குத் தழும்பு ஏது, ஹாட்டி?

நான் உயிரோடிருப்பது உனக்கு எப்போது தெரியும்? அப்பாவிடம் தலையாட்டியபோதே தெரியுமா?

லுட்மிலா

*

பாசடீனா
ஏப்ரல் 9

அன்புள்ள லுட்மிலா அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, உடம்பு சரியில்லை. உங்களுக்குக் கோபமாக எழுதியதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கால்வெஸ்டனில் மீன் கூடை சுமந்த வீட்டிலிருந்து வந்தவள், கப்பல் தலைவன் எல்லாம் ஹாஸ்கின் கட்டிய கதை. அவர் உட்கார் என்றால் உட்காருவேன், சிரி என்றால் சிரிப்பேன். மறுத்த பெண்களை அடுத்த நாள் வாசலில்கூட விட மாட்டார்கள். நீங்களும் அங்கே இருந்தவர், உங்களுக்கே தெரியும்.

உங்கள் அப்பாவைப் பற்றி நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. "எங்க பொதச்சீங்க? ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிடறேன்" என்று கேட்டார். ஹாஸ்கின் கொஞ்சமும் தயங்காமல், "தகனம் பண்ணி சாம்பலக் கடல்ல கரைச்சிட்டோம்" என்றார். பெரியவர் இரண்டு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். "எரிஞ்சு செத்தவளத் திரும்பவும் எரிச்சிட்டீங்களா?" என்றார். அந்த ரொட்டியை நான் சாப்பிடவில்லை. சாப்பிட முடியவில்லை.

செயலாளரிடம் பேசிவிட்டேன். முதல் லியோனா கேரோ நீங்கள்தான் என்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன். மேடைக்கு நீங்களே வாருங்கள், நான் வரவில்லை. வருவதற்குக் கார் அனுப்புகிறேன். மாடிப்படிச் சிரிப்பு உங்களுடையதுதான். என் பதினான்கு படத்திலும் அப்படிச் சிரிக்க முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

வேறு என்ன வேண்டுமென்றாலும் எழுதுங்கள், செய்கிறேன்.

இப்படிக்கு,
ஹாட்டி ஆம்ஸ்லர்

*

ஃப்ரெஸ்னோ
ஏப்ரல் 14

ஹாட்டி,

எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், கேட்டதைத் தவிர. அது போதும். தெரிந்துகொண்டேன்.

அண்டனிடம் பேசினேன். எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. "யாரு பேசறது?" என்றான். கிழவன் குரல். "முட்டைக்கோஸ் ஊறுகாப் பீப்பாக்குள்ள தலைகீழா விழுந்தியே, காலப் பிடிச்சு இழுத்தவ பேசறேன்" என்றேன். மறுபடி வைத்துவிடுவான் என்றே நினைத்தேன். "அன்னிக்கு நீ அப்பாகிட்ட சொல்லல இல்ல?" என்றான். "சொல்லலடா" என்றேன். அவன் அழுதான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா 1938-ல் போய்விட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்களாம். கீழே ஒன்றும் இல்லாத வெறும் கல். கடலில் கரைத்துவிட்டதாகச் சொன்னீர்களே, அதனால். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அப்பா போய் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பாராம். "அதப் பிடுங்கிடலாமா?" என்று அண்டன் கேட்டான். நான் வந்து பார்க்கும் வரை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பேருந்து ஏறுகிறேன்.

உன் கார் வேண்டாம். மேடையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். பதினான்கு படம் உழைத்தாய், வைத்துக்கொள். ஆனால் நீ போகாமல் வீட்டில் ஒளிந்துகொள்வதை நான் ஒப்ப மாட்டேன். நீ போக வேண்டும். நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு மேடையேற வேண்டும். அவர்கள் கப்பல் படத்தைப் போட்டு முடித்ததும், மாடிப்படியில் சிரித்தவள் என்ன ஆனாள் என்று அந்தச் செயலாளர்ப் பையன் உன்னைக் கேட்பான். கேட்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

அப்போது தலையாட்டாதே. வாயைத் திறந்து, எல்லார் காதிலும் விழும்படி, "அவ சாகல" என்று சொல்.

பதில் எழுத வேண்டாம். நான் இங்கே இருக்க மாட்டேன்.

லுட்மிலா வாவ்ரா