செங்கால் மரம் என்று சொன்னீர்களே

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்கூடாய் வீடு அப்படியேதான் இருக்கிறது, ஜன்னல்களைத் தவிர. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருடக் கடைசி மழையில் முன்ஹால் ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. நம் மகள் தேவி, தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அலுப்போடு அலுப்பாக, பக்கத்து ஊர் கூலாயிலிருந்து ஜன்னல் போடும் குணா என்பவரை அழைத்து வந்தாள். அவர் வெளியிலிருந்தே ஒரு பார்வை பார்த்தார். "மரச் சட்டம் முடிஞ்சி போச்சு ஆண்ட்டி. ஆறு ஜன்னலையும் மாத்திடலாம். பழைய மரத்த நாங்களே தூக்கிட்டுப் போயிடுறோம், நீங்க கவலப்படாதீங்க" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வீடு வாங்கிய நாளிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் "இது செங்கால், கரையான் கிட்டயே வராது" என்று தட்டிக் காட்டுவீர்களே, அந்த மரம் அல்லவா? இன்றைக்குத் தேடினாலும் லேசில் கிடைக்காத, விலை உயர்ந்த காட்டு மரம். அதைச் சும்மா தூக்கிப் போகிறேன் என்பவருக்கு உள்நோக்கம் இல்லாமலா இருக்கும்? நீங்கள் பெருமைப்பட்ட ஒரே பொருளை, என் கண்ணில் மண்ணைத் தூவி யாரும் கொண்டுபோக விடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

ஆனாலும் மாதிரிகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஆளை எடைபோட வேண்டுமே. மூன்று துண்டுகள் வந்தன. முதலாவது அலுமினியம். அதில் இரும்பைக் கலந்து ஏமாற்றுகிறாரா என்று ஐஸ்பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. யுபிவிசி என்கிற வெள்ளைப் பிளாஸ்டிக், தெருச் சத்தத்தைக்கூட உள்ளே விடாதாம். அதைக் கார் நிற்கும் இடத்தில் வெயிலில் போட்டு, மஞ்சளாகிறதா என்று தினமும் போய்ப் பார்த்தேன். மூன்றாவது, புது மரத்துண்டு. அதை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

"அலமாக், மூணு நாள்ல என்னம்மா தெரியும்? அவரு என்ன திருடனா?" என்று தேவி சிரித்தாள்.

அவள் சிரித்ததும் அவள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவளுக்கு ஏன் இத்தனை அவசரம்? கேட்டும்விட்டேன். "வீட்ட விக்கப் போறியா?"

"ஒழுகுற ஜன்னல மாத்தச் சொன்னா விக்கிறதா? உங்ககிட்ட வாயத் தொறக்கவே பயமா இருக்கும்மா." இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த முறை குணா வந்தபோது நேராகவே கேட்டேன். "இது செங்கால். தெரிஞ்சிதானே தூக்கிட்டுப் போறேன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. "நீங்களே சுரண்டிப் பாருங்க ஆண்ட்டி" என்றார்.

சமையல் கத்தியால் சுரண்டினேன். பழுப்புச் சாயத்துக்குக் கீழே பழுப்புச் சாயம், அதற்கும் கீழே பழுப்புச் சாயம். அதன் அடியில் பட்டி பூசியிருந்தது. பட்டிக்கு உள்ளே மடித்துத் திணித்த பழைய தமிழ்ப் பத்திரிகை. அதற்கும் உள்ளே கரையான் மண் மட்டும்தான்.

"லேசான மரம் ஆண்ட்டி. எப்பவோ அரிச்சிருச்சி. மத்த சாமானுக்குப் பரவக் கூடாதுன்னுதான் நாங்க தூக்கிட்டுப் போறோம்னு சொன்னோம். யாரோ வருசா வருசம் அடைச்சி அடைச்சி சாயம் அடிச்சிருக்காங்க."

யாரோ! தீபாவளிக்குச் சுவரெல்லாம் ஆள் வைத்து அடிப்பீர்கள். ஜன்னலை மட்டும் யாரையும் தொட விடமாட்டீர்கள். நான் தூரிகையைத் தூக்கினாலே "நீ போய் முறுக்கப் பாரு" என்று விரட்டுவீர்கள். எத்தனை தீபாவளியாக உங்களுக்குத் தெரியும்? நான் திட்டுவேன் என்றா மறைத்தீர்கள்? சொன்ன வார்த்தை பொய்யாகிவிடும் என்றா?

வயிற்று வலியையும் இப்படித்தானே மறைத்தீர்கள். "வெறும் காத்துதான்" என்று ஒரு வருடம் எதையோ கரைத்துக் கரைத்துக் குடித்தீர்கள். ஆஸ்பத்திரியில், நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நான் ஒருத்திதான் அதிர்ந்துபோனேன். உங்கள் முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், உங்களை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் இன்று இருந்திருப்பீர்களா?

குணாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு ஜன்னலுக்கும் அலுமினியம்தான் போட்டோம். சாயம் ஏற்றியது பார்க்க அழகாக இருக்கும் என்றார். வேண்டாம், உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்றேன். மதிய வெயிலில் தொட்டால் சுடுகிறது, பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு மாதமாக இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. தேவிக்குத் தெரியாது. "ஏம்மா சோர்ந்து இருக்கீங்க?" என்று கேட்டாள். வேலை என்றேன். இன்னொரு நாள் கேட்டாள். வெயில் என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது தெரியுமா? உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும், இல்லையா?

அவள் இப்போது அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். பேனாவை வைத்ததும் போய்ச் சொல்லிவிடுவேன். நாளைக்கே அவளோடு கிளினிக்குக்குப் போவேன். அதுவரை இந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் காட்டமாட்டேன். உங்கள் மேல் சத்தியம். நீங்கள் எனக்குச் செய்ததை நான் என் பிள்ளைக்குச் செய்யமாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனைவி,
சரோஜா