பாதியில் நிறுத்திய நரிப் படம்

என்னங்க,

கம்பிவலை வாங்கக் கடைக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. கூண்டுச் சாவி ஆணியில்.

நீங்கள் மாட்டிய கேமரா அருமை. நேற்று நட்டநடுப் பகலில் நரி நம் மொட்டைவால் கோழியைக் கவ்விக்கொண்டு போனது இறகு இறகாகத் தெரிகிறது. அதையும் தெரு முழுக்கக் காட்டி, "எவ்வளவு க்ளியரா இருக்கு பாத்தீங்களா!" என்று பெருமை வேறு. மீதி ஐந்து கோழிகளில் ஒன்றைக்கூட நான் நரிக்கு விடுவதாக இல்லை.

பத்து மணிக்குத் தச்சர் வருவார். அவருக்குப் பாதுகாப்புச் சொற்பொழிவு வேண்டாம். வலையை மண்ணுக்குள் இறக்கவேண்டும்; கூண்டைச் சுற்றி ஒரு அடி ஆழம் தோண்டி வையுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நரி எந்தப் பக்கம் நுழைந்தது என்று பார்க்க, நீங்கள் எல்லாருக்கும் பாதியில் நிறுத்திக் காட்டும் படத்தை இப்போதுதான் முழுதாக ஓட்டினேன். இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சோப்பு நுரை, கையில் விளக்குமாறு. நரிக்குப் பின்னால் ஓடி வழுக்கி விழுகிறீர்கள். முட்டி வலி உடற்பயிற்சியால் என்றீர்களே? "வேடிக்கை பாத்துட்டு நின்னீங்களாக்கும்!" என்று நேற்று நான் கத்தியது தப்பு.

தோண்டவேண்டாம். தைலம் அலமாரியில். குழியை நான் வந்து வெட்டிக்கொள்கிறேன். அதுவரை காவல் உங்களுடையது. விளக்குமாற்றைக் கூண்டருகே சாத்தியிருக்கிறேன். துண்டை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.