பேனரில் இல்லாத பெயர்

ஒரே அடுப்பில் என்னோடு பொங்கித் தின்ற பூங்கோதை அக்காவுக்கு,

உன்னைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டு வந்த மறுநாளும் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தேன். இன்றும் அப்படித்தான். அழுகை வரவில்லை அக்கா. கை வேலை செய்கிறது, உள்ளே மரத்துக் கிடக்கிறது. சுந்தரம் அத்தான் ட்யூட்டிக்குப் போகிறார், வருகிறார், உன் டம்ளரில் காபி குடிக்கிறார். இங்கே அப்பாசியாவில் இந்த வாரம் பாலைவனத்துப் புழுதிக்காற்று. வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை நம் தமிழ்ச் சங்கத்தில் நீ எழுதிய நாடகத்தைப் போடுகிறார்கள், உன் நினைவாக. நீ போடவேண்டிய செங்கமலத்தம்மாள் வேஷம் இப்போது எனக்கு. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி அவளைக் கண்டுபிடித்தவள் நீதானே.

வெள்ளைக்காரன் காலத்துத் தாசில்தார் மனைவி. உப்பு வரியை எதிர்த்து எழுதினாள். கீழே ‘ஒரு தாசில்தாரின் மனைவி’ என்றுதான் போட்டாள். வேலை போய்விடும் என்று புருஷன் கெஞ்சினான். அடுத்த கட்டுரைக்குத் தன் பெயரையே போட்டுவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! “ஏட்டி, அவரக் காப்பாத்தத்தான் கையெழுத்துலருந்து அவரு பதவிய எடுத்தா. ஊர்ல அவளத் திமிரு புடிச்சவன்னு சொன்னாவ.”

இப்போது சங்கச் செயலாளர், அவள் தன் பெயரைக் கையெழுத்திடும் காட்சியே வேண்டாம் என்கிறார்.

“பாலிடிக்ஸ் மாஃபி, கூடவே கூடாது தங்கச்சி. உப்பு வரி, கையெழுத்து எதுவும் வேணாம். நல்ல குடும்பத் தலைவின்னு காட்டிட்டு, ரெண்டு பாட்டோட கலாஸ்னு முடிச்சிடலாம்.”

“அப்புறம் அந்தம்மா எதுக்கு நாடகத்துல?”

“நாம எல்லாரும் அரபு நாட்டுல விசால இருக்கோம்மா. ஏதாச்சும்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

அவர் பயம் பொய்யில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று ஒத்திகைக்குப் போனால் பேனர் வந்திருக்கிறது. உன் படம், மாலை, கீழே பெரிதாக ‘திருமதி சுந்தரம் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இங்கே எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? திருமதி சுந்தரம், இல்லாவிட்டால் கவின் அம்மா. நாடகத்தையும் நீ அத்தான் போனிலிருந்துதான் அனுப்பியிருக்கிறாய். செயலாளரிடம் உன் பெயரைக் கேட்டேன். முழித்தார்.

அத்தான் அந்தப் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவ பேரு பூங்கோதைங்க” என்றார்.

செயலாளருக்குக் கை கால் ஓடவில்லை. “ஐயோ, அடுத்த தடவை சரி பண்ணிடலாம் சார்” என்று உளறிவிட்டார். அடுத்த தடவையா? உனக்கு எத்தனை தடவை அக்கா சாவு?

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் வந்தது.

விசா பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்தக் கையெழுத்துக் காட்சியை நடிக்கத்தான் போகிறேன். மைக்கை அணைத்தால் அணைக்கட்டும், தொண்டை இருக்கிறது. செங்கமலத்தம்மாள் என்று அவள் பெயரைச் சொல்லிவிட்டு, பேனர் பக்கம் திரும்பி உன் பெயரையும் சொல்வேன். கடைசி வரிசைவரை கேட்கும். அழுகை அன்றைக்கும் வராமல் போகலாம். உன் பெயர் வரும் அக்கா.

உன் அடுப்படித் தங்கை,
செல்வராணி