சேரின் வலது கண்

மே 4, ஞாயிறு

கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தண்ணீர் என்றே அறியாத ஒரு உயிருக்குத் தாகமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகக் குடிதண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இது வேறு கேள்வி.

நேற்று மத்தியானம் மேனுஷா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தங்கை கௌரியின் மகள். லண்டனின் அந்தப் பக்கம் ரெய்னர்ஸ் லேனிலிருந்து இந்தப் பக்கம் இல்ஃபோர்ட் வரை வலைக்கூட்டுக்குச் சீற் பெல்ற் போட்டுக் கார் ஓடிவந்திருக்கிறாள். உள்ளே ஒரு பச்சோந்திக் குஞ்சு. ஐந்து மாதமாம். வாலை நீட்டினால் என் கையளவு வரும். பெயர் சேர், பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடுகிற ‘சேர்’.

“ரிட்டயரான ரியூசன் மாஸ்ரர் மாதிரி இல்லையோ பெரியம்மா? ஒரு அடி வைக்க முதல் எவ்வளவு யோசிக்கிறார் பாருங்கோ.”

எனக்கு ஏன் என்று கேட்டேன்.

“கிஃப்ட். உங்களுக்குத்தான். உங்களை மாதிரியே. தொட்டாப் பிடிக்காது, ஒருத்தரையும் பக்கத்திலை அண்டாது, ஒரு கண் எங்களிலை, மற்றக் கண் கதவிலை.”

சிரித்துவிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருக்கமாட்டேன். கௌரி முழுநேர வேலைக்குப் போன இரண்டு வருடம் மேனுஷா என்னோடுதான் இருந்தாள். பிறகு பரீட்சைக் கணக்கெல்லாம் இந்த மேசையில்தான். இப்போது பார்மசிஸ்ட்.

வலது கண் பாதி மூடியிருக்கிறது. “நித்திரை” என்றாள். பகலில் கண் மூடினால் அது நித்திரை இல்லை என்று இன்று வாசித்தேன்.

மே 5

சாப்பிடவில்லை. மணிபிளான்ட் இலைகளுக்கு ஸ்பிரே போத்தலால் தண்ணீர் தெளித்தேன். ஒரு துளி இலை நுனியில் தொங்கியது. பார்த்தது. அவ்வளவுதான். நான் பார்க்காதபோது குடித்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மே 7

வேலைக்கு லீவு போட்டு, வால்தம்ஸ்டோவில் ஊர்வன பார்க்கும் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். கண்ணுக்குள் அழற்சி, உடலில் தண்ணீர் குறைவு. மற்றக் கண்ணும் மூடினால் இரை தெரியாது, இரை தெரியாவிட்டால் அதிக நாள் தாங்காது என்றார் அந்தப் பெண். சின்ன வயது, ஆனால் சுற்றி வளைக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

வீட்டில் புகை இருக்கிறதா என்று கேட்டார். ஊதுபத்தி, சமையல் புகை, ஏதாவது.

இல்லை என்றேன். என் வீட்டில் சாமிப்படமே இல்லை.

கழுவ உப்புநீர், பிறகு சொட்டு மருந்து. காலையும் மாலையும். எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாக.

கௌரிக்கு மெசேஜ் போட்டேன், வீட்டில் சாம்பிராணி போடுவீர்களா என்று. ‘வெள்ளிக்கிழமையிலை கொஞ்சம்’ என்று பதில் வந்தது. பின்னால் ஒரு கும்பிடுகிற கை.

மே 9

சொட்டு மருந்து விடுவது போர். கையை உள்ளே விட்டதும் பச்சை போய்க் கறுப்பு. வாயைத் திறந்து சீறுகிறது. நிறம் மாறுவது இலைக்குப் பொருந்துவதற்கு இல்லை. பயம், சூடு, கோபம். அரசியல்வாதிகளைத் திட்டுவதற்கு நாங்கள் இதன் பெயரை எடுத்தது சரியான அநியாயம். இதைப்போல மனதில் உள்ளதை வெளியே காட்டும் பிராணியை நான் கண்டதில்லை.

மே 13

சாப்பிட்டது!

வெட்டுக்கிளியைக் கல்சியம் தூளில் பிரட்டி, கிளையில் விட்டேன். நெடுநேரம் பார்த்தது, ஒற்றைக் கண்ணால். தூரம் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். முதல் தரம் நாக்கின் குறி பிழைத்தது. இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் நான் மூச்சு விட மறந்துபோனேன்.

மேனுஷாவுக்கு வீடியோ அனுப்பினேன். இதயங்கள் வந்தன.

எழுதி வைக்கிறேன், ஒருவரும் வாசிக்கப் போவதில்லை. என்னைக் கவனித்துப் பார்த்து, இவளுக்கு இதுதான் சரி என்று யோசித்து ஒருவர் ஒன்றைத் தருவது – அது எனக்கு நடந்து எவ்வளவு காலம். பிறந்தநாளுக்கு வரும் கைப்பைகள் வேறு.

மே 17, சனி

வேலைக்குப் போடும் காற்சட்டையின் ஜிப் போய்விட்டது. இம்மாகுலேற்றின் தையல்கடைக்குக் கொண்டுபோனேன். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே கதைத்தாள்.

“ஏனக்கா, பெறாமகள் மேனுஷான்ரை கலியாணத்துக்கு உங்கடை சட்டை இன்னும் தைக்கத் தரேல்லை? கடைசி நேரத்திலை வந்து நாளைக்கு வேணும் எண்டால் நான் மாதாவைத்தான் கூப்பிடோணும்.”

நான் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சாறி இன்னும் எடுக்கேல்லை” என்றேன்.

“கெதியா எடுங்கோ. கௌரியக்கான்ரை மூண்டும் முடிஞ்சுது. பொன்னுருக்குக்கு ஒண்டு, கலியாணத்துக்கு ரெண்டு. ஏப்ரலிலை எழுத்துக்குப் போட்டது இறுக்கமாப் போச்சாம், அதையும் பிரிச்சு விட்டுக் குடுத்தனான். மாப்பிள்ளைப் பெடியன் நல்ல வடிவு, என்ன?”

“ஓம்” என்றேன். “நல்ல வடிவு.”

எழுத்து முடிந்துவிட்டது. சட்டப்படி அவள் ஏப்ரலிலேயே கலியாணம் கட்டியவள். நான் ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 18

அப்ப மே மூன்றாம் தேதி என்ரை கதிரையிலை இருந்து சிரிச்சவள் கலியாணம் கட்டினவள். மோதிரம் போட்டிருந்தவளோ? நான் பார்க்கேல்லை. சேரின் கண்ணைத்தான் பார்த்தேன்.

என்ன பயம்? நான் என்ன செய்துவிடுவேன்? சத்தம் போட்ட ஆளா நான்? ஆரிட்டையும் போய் ஒண்டு சொன்னனானோ?

கௌரியை அழைத்துக் கேட்கலாம். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். கேட்டு வாங்கிய செய்தியை வைத்து நான் என்ன செய்வது. அவர்களாகச் சொல்லட்டும்.

மருந்து விட்டேன், காலை, மாலை.

மே 20

மேனுஷா அழைத்தாள்.

“சேர் என்ன செய்யிறார்?”

“கண் திறந்திட்டுது. முழுக்க இல்லை.”

“சூப்பர் பெரியம்மா. யூ ஆர் அ ஸ்டார்.”

நான் ஒருபோதும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். “வேறை என்ன புதினம்?”

பஸ் ஒன்று போகும் சத்தம் அவள் பக்கத்தில்.

“ஒண்டும் இல்லை பெரியம்மா. வேலை, வீடு, வேலை.”

“சரி” என்றேன்.

மே 26

சேர் தோல் உரிக்கிறார். வெள்ளைக் கடதாசித் துண்டுகள் போல. உதவி செய்யக்கூடாதாம்.

ஜூன் 1, ஞாயிறு

கௌரி வந்தாள். கார்ட், ஒரு பெட்டி லட்டு, முகம் முழுக்கப் பவுடர். அவளுடைய புருசன் பாலேந்திரா காரை விட்டு இறங்கவில்லை. பார்க்கிங் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பார்க்கிங் இலவசம்.

“அக்கா, எல்லாம் திடீரெண்டு சரிவந்திட்டுது. வாற ஞாயிறு.”

“பொன்னுருக்கு எப்ப?”

அவள் லட்டுப் பெட்டியின் நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். “நேற்று.”

தாலிக்குப் பொன் உருக்க ஆட்களைக் கூப்பிடும்போது யாரை விட்டாலும் கூடப்பிறந்தவளை விடமாட்டார்கள். தூரத்து மச்சாள்மார் வரை போயிருப்பார்கள்.

“இம்மாகுலேற் போன மாதமே சொன்னவள்” என்றேன்.

முகம் சுருங்கியது. ஆனால் கௌரி பின்வாங்குகிற ஆள் இல்லை. சின்ன வயதிலும் பிடிபட்டால் என்னைத்தான் ஏசுவாள். “அப்ப தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீ? அதுதான் உன்னட்டை ஒண்டும் சொல்லேலாது. கல்லு மாதிரி இருப்பாய்.”

பிறகுதான் கதை வந்தது. மாப்பிள்ளை தர்சிகனின் தாய் ஒருமாதிரியாம். பெண் பார்க்க வந்தவ, குசினியில் கூட்டைக் கண்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாவாம். கலியாண வீட்டில் ஓணான் வளர்க்கிறீர்களோ என்று.

“அதோடை உன்னைப் பற்றியும் கேட்டவ.”

“என்னைப் பற்றி என்ன?”

“நீ புருசனை விட்டிட்டு வந்தது.”

“நான் விட்டிட்டு வரேல்லை. அவர்தான் விட்டிட்டுப் போனவர்.”

“அது எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியுமே? நல்ல காரியம் முடியுமட்டும் எல்லாரையும் கொஞ்சம் தள்ளி வைப்பம் எண்டு—” அவளே நிறுத்திக்கொண்டாள்.

“எல்லாரையும் எண்டால் ஆரை? என்னையும் ஓணானையுமோ?”

“அப்பிடிச் சொல்லாதை.”

“இஞ்சை கொண்டுவந்து விடச்சொன்னது ஆர்?”

“மேனுஷாதான். தாய்க்காரி பிறகும் வருவா, கலியாணம் முடியுமட்டும் பெரியம்மாட்டை நிக்கட்டும் எண்டாள். உனக்கும் ஒரு துணையெல்லோ.”

நான் எழுந்து கூட்டுக்குப் பக்கத்தில் போனேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அவளும் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். “கண் என்ன, சின்னனா இருக்கு?”

வைத்தியர் புகையைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். “சாம்பிராணி மட்டும்தானோ போட்டனீ?”

“வெள்ளிக்கிழமையிலை செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பிலை போட்டனான். கலியாணப் பேச்சுத் துடங்கினதிலை இருந்து. கண்ணூறு படக்கூடாதெல்லோ.”

“குசினியிலையோ?”

“பின்னை ஹோலிலையோ எரிக்கிறது?”

கூடு குசினிக்குள். மிளகாய்ப் புகை. இத்தனை வெள்ளிக்கிழமை.

“ஆரின்ரை கண்ணுக்கு?” என்று கேட்டேன்.

“பொதுவா” என்றாள், என்னைப் பார்க்காமல்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “நீ இதொண்டையும் நம்பாதனீதானே அக்கா. பிறகேன் உனக்கு நோகுது?”

நம்பாதவளுக்கு நோக உரிமை இல்லையா? பொன்னுருக்குக்குக் கூப்பிட்டிருந்தால் ஒரு மூலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும். அதுதான் அந்தக் கேள்வியின் கெட்டித்தனம்.

ஜூன் 8

போனேன். ஹாரோவில் மண்டபம். மாம்பழ நிறச் சாறி, பழைய சட்டை. மரினா என்று கௌரியின் சிநேகிதி ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்வரிசையில் இருத்தினாள். “இஞ்சை ஏசிக் காத்து நல்லா வரும் அக்கா.” காத்து நன்றாக வந்தது.

மேனுஷா மணவறையிலிருந்து தேடிப் பிடித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தாலி கட்டும்போது கமராக்காரர்கள் முன்னால் போய் நின்றார்கள். நான் அவர்களுடைய முதுகைப் பார்த்தேன். அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கச் சோடி சோடியாக மைக்கில் கூப்பிட்டார்கள். சோடி இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவது.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். இலைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற நேரம்.

ஜூன் 9

ஆய்வுகூடத்தில் எல்லோரும் கலியாணம் எப்படி என்று கேட்டார்கள். நல்லது என்றேன்.

ஜூன் 14

கண் முழுதாகத் திறந்திருக்கிறது. வைத்தியர் இனி வரவேண்டாம் என்றார். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழல்கின்றன. இரை கண்டதும் இரண்டும் ஒன்றாக முன்னுக்கு வருகின்றன. இப்போதெல்லாம் நாக்கு பிழைப்பதில்லை. நான் கதவைத் திறந்து வந்தால் கறுப்பதில்லை. என்னைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆபத்து இல்லை என்று பழகியிருக்கிறார். அது போதும்.

வைத்தியரின் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் என்று கேட்டார்கள். என் பெயர் சொன்னேன்.

ஜூன் 21, சனி

மேனுஷா அழைத்தாள். தேனிலவு முடிந்து வந்துவிட்டார்கள். குரலில் வெயில்.

“பெரியம்மா, நாளைக்கு வாறம். வால்தம்ஸ்டோ ஃப்ளாற் எல்லாம் செற். தர்சிகன் ஜன்னலுக்குப் பக்கத்திலை சேருக்கு இடம் விட்டிருக்கிறார். மாமிக்கும் இப்ப ஓகே, கலியாணம் முடிஞ்சுதெல்லோ. நீங்கள் இவ்வளவு நாளும் பாத்தது பெரிய ஹெல்ப்.”

ஹெல்ப்.

“சரி, வாங்கோ” என்றேன்.

கொடுத்துவிடுவேன். கூட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். விளக்கு, கல்சியம் தூள், மருந்தின் மிச்சம், எல்லாம் ஒரு பையில். மணிபிளான்டும் போகட்டும், அதில்தான் அவர் ஏறுவார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கதவு வரை போய், ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவைப்பேன். அழமாட்டேன். கேட்கமாட்டேன். இதைவிடப் பெரியதெல்லாம் அப்படித்தான் அனுப்பிவைத்தேன். என்னால் ஏலும்.

ஜூன் 22

நடந்தது இது.

பதினொரு மணிபோல வந்தார்கள். தர்சிகன் அமைதியான பிள்ளை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான், “எப்பிடி இருக்கிறீங்கள்” என்று பாடமாக்கிய தமிழில் கேட்டான். அவனில் ஒரு பிழையும் இல்லை. மேனுஷாவின் கழுத்தில் தாலிக்கொடி. இன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன்.

அவள் நேரே கூட்டுக்குப் போனாள். “சேர், வீட்டை போவமோ?” வலைக்கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். அவர் பின்வாங்கினார், கறுத்தார், சீறினார்.

“பாருங்கோவன், என்னை மறந்திட்டார்.”

“கையை எடு” என்றேன்.

“ஒரு நிமிசம் பெரியம்மா, பிடிச்சிடுவன்—”

“கையை எடு, மேனுஷா. நீ எனக்குத் தந்தனீ. நான் தரமாட்டன்.”

என் குரல்தான். உயரவில்லை. அவள் சிரித்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக் கதவை மூடினாள்.

“அம்மாதான் கலியாணத்தைச் சொல்ல வேண்டாம் எண்டவ, பெரியம்மா. மாமி ஏதும் குழப்பிப்போடுவா எண்டு. நான் உங்களுக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்.”

“நான் கேட்டனான். புதினம் என்ன எண்டு கேட்டனான். ஒண்டும் இல்லை எண்டனீ.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. நின்ற நிலையிலேயே அழத் தொடங்கினாள், சின்னப் பிள்ளையில் அழுவதுபோல, வாயை மூடிக்கொண்டு. தர்சிகன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து ஆங்கிலத்தில் என்ன நடந்தது என்று கேட்டான்.

தேத்தண்ணி ஊற்றினேன். அவன் குடித்தான். அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கதவடியில், “நான் இனி இஞ்சை வரலாமோ?” என்று கேட்டாள்.

“வா” என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

பின்னேரம் கௌரி இரண்டு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை. கட்டிவைத்த பையை அவிழ்த்து, விளக்கைக் கூட்டில் திரும்பப் பூட்டினேன்.