வேலியோரத்து இடம்

ஜூன் 17, ஞாயிறு, மாலை 6.10. போலந்து ஜோடிக்கு நான்காம் இடம்.

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததா? ஸ்வீடனில் நான் நலம்.

உலக ஜோடி பைக் பந்தயத்தில் பதக்கம் கைநழுவியது. யாருக்கும் அடியில்லை. கடைசி ஓட்டத்தில் விட்டோல்ட் முன்னால் போனான். பின்னால் வந்த புது ஜோடி லெஷெக் உள்பக்கமாகவே ஓட்டுகிறவன். ஆனாலும் விட்டோல்ட் வலப்பக்கம் திரும்பிப் பார்த்து வேலியோரம் இடம் விட்டான். டென்மார்க்காரன் அதில் நுழைந்து முந்திவிட்டான்.

"யாருக்குடா இடம் விட்டே?"

"உங்கண்ணனுக்குத்தான் ராடெக். அவன் வண்டிச் சத்தம் கேட்டுச்சுடா."

"செத்து ரெண்டு வருஷமாச்சு. காதைக் கழுவுடா!"

ரெண்டு வண்டிக்கும் மெக்கானிக் நான்தானே, பிறகு லெஷெக்கின் வண்டியைக் கழற்றினேன். பின்சக்கரத்தில் இருந்தது, விட்டோல்டின் ஜோடியாக வேலியோரம் ஓட்ட அண்ணன் கேட்டு வாங்கும் பல்சக்கரம். லெஷெக்குக்கு அது ஆகாது. எஞ்சின் அண்ணன் வண்டி மாதிரியேதான் கத்தியிருக்கும். மாட்டியது நான்தான், மாட்டிய நினைவில்லை.

அம்மா போட்ட உப்பு வெள்ளரி ஒரு பாட்டில் அனுப்புங்கள். அண்ணனின் கம்பளிக் கையுறையும். இங்கே குளிரில்லை, சும்மாதான் கேட்கிறேன். வண்டி ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

இனி செய்யப்போவது:

1. விட்டோல்டிடம் தப்பு என்னுடையது என்று சொல்வேன்.
2. அந்தப் பல்சக்கரத்தை உங்களுக்கு அனுப்பிவிடுவேன்.
3. அதற்கு முன் லெஷெக்கை அதில் ஒரே ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

ராடெக்