அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னேன்

அக்கா,

இன்று காலை கொல்லங்கோட்டுப் பேருந்தில் முன் இருக்கையில் ஓர் அம்மாள் முழங்காலுக்கு யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டி முழுக்க அந்த வாடை. விடுதிப் படிகளில் ஏறி இறங்கியே தேய்ந்துபோன உங்கள் கால்கள் நினைவுக்கு வந்தன. மாடிக்கு நீங்கள் வருமுன் உங்கள் தைலம் வந்துவிடும். பெண்கள் அவசரமாகக் கைபேசியை ஒளிப்பார்கள்.

அப்படி ஏறிப்போன ஒரு மாலையில்தான் அந்த முதலமடைப் பெண்ணின் கையைப் பார்த்தீர்கள். முழங்கைக்கு மேல் நான்கு விரல் தடம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு பழகிய கடைசி ஆண்டு மாணவன், இனி வேண்டாம் என்று அவள் சொன்னதற்காக, நூலகத்துக்குப் பின்னால் வைத்து அடித்திருந்தான். அது முதல் தடவையும் இல்லை.

"எழுதிக் குடு புள்ளை. நான் கூட வாரேன்" என்று அவளை உட்காரவைத்து எழுதவைத்தீர்கள்.

கல்லூரிப் புகார்க் குழுவில் ஐந்து பேர். நானும் ஒருத்தி. தலைவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, "லவ்தானே? ஒண்ணாத்தானே சுத்தினீங்க?" என்பதுதான். வாசலில் நின்ற நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

"சுத்துனா அடிக்கலாமா சார்?"

விடுதி மேட்ரனுக்கு இங்கே வேலையில்லை என்று உங்களை வெளியே அனுப்பினார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். மறுநாளே அவரை வரவழைத்தார்கள். மாந்தோப்பிலிருந்து போட்ட சட்டையோடு வந்தவர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "இதை இதோட உட்டுருங்க சார். புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றனுங்க" என்றார். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதாகத் தலைவர் எழுதினார். ஐந்து பேரும் கையெழுத்திட்டோம்.

வராந்தாவில் என்னை நிறுத்தினீர்கள். "நீங்களும் போட்டீங்களா டீச்சர்?"

"எல்லாரும் போட்டாங்க அக்கா."

நீங்கள் திரும்பி விடுதிப் பக்கம் நடந்தீர்கள். திட்டியிருக்கலாம்.

அவன் தேர்வெழுதிப் பட்டம் வாங்கினான். அவள் படிப்பு அதோடு நின்றது. உங்கள் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. ஆனைக்கரையில் தங்கை வீட்டுக்குப் போனீர்கள். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகும், முடித்து வந்த நாட்களில் என்னை அழைப்பீர்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "அந்தப் புள்ளை என்னாச்சு டீச்சர்?"

எனக்குத் தெரியும், அக்கா. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அவனுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில், முழுக்கைச் சுடிதாரில், அவளைச் சந்தையில் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு தக்காளிக் கூடையின் பக்கம் குனிந்துகொண்டாள்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "திரும்ப விசாரிச்சாங்க அக்கா. அவளை நம்ம காலேஜ்லயே சேத்துக்கிட்டாங்க. படிக்கிறா" என்றேன்.

"நெசமாவா? நீங்க விடாமப் பேசியிருக்கீங்க டீச்சர்."

நான் மறுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். துக்கம் கேட்க வந்த என் கையை உங்கள் தங்கை பிடித்துக்கொண்டார். "எம் மகளை உங்க காலேஜ்லதான் சேக்கணும்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்கு. அங்க டீச்சர் இருக்காங்க, பாத்துக்கிடுவாங்கன்னு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது அவகாசம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது உங்கள் தங்கை மகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறாள். உங்களைப் போலவே நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். குழுவில் நானும் இருக்கிறேன், அதே தலைவரும் இருக்கிறார். வாசலில் வந்து நிற்கத்தான் ஆள் இல்லை. மணியடித்ததும் அவள் என் மேசையை நோக்கி நடந்து வரும் ஒவ்வொரு முறையும், பாடத்தில் ஏதோ சந்தேகமாக மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.